ஒட்டக்கூடாதது

ஒட்டக்கூடாதது மூன்றாவது முறையாக ஒட்டியிருந்தது. ஆராய்ச்சிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுடைய நொதிக்கு ஒரே வேலை. ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்து, அதற்கென்றே உள்ள டி-ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறின் வாலில் ஒட்ட வேண்டும். ஜாடையில் அதைப் போலவே இருக்கும் வேலின் என்ற இன்னொரு அமிலம் நடுவில் புகுந்தாலும், நொதி இன்னொரு தரம் தடவிப் பார்த்துப் பிய்த்து எறிந்துவிடும். அப்பேர்ப்பட்ட சந்தேகப் பிராணி அது. ஆகவே வேலினை மட்டும் கொடுத்தால் வால் காலியாக இருக்க வேண்டும். அளந்து பார்க்கும் கருவியோ வால் நிரம்பியிருக்கிறது என்றது. நிரப்பியது எது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

"எல்லாம் மௌனசாமி பண்ற வேலை சார்," என்று ஆய்வகத் தலைவரிடம் போட்டுக்கொடுத்தாள். நொதி தயாரித்துத் தரும் டெக்னீஷியனுக்கு ஆய்வகம் வைத்த பெயர் அது. பிய்த்தெறியும் திறனை எடுத்துவிட்ட இன்னொரு நொதியின் குழாயும் அவருடைய குளிர்பெட்டியில் இருந்தது. "குழாயை மாத்திக் குடுத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்கிறாரு."

மௌனசாமியின் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று தலைவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

கையும் களவுமாகப் பிடிக்க, நான்கு நாள் ஒற்றை ஆளாக நின்று அவளே நொதி தயாரித்தாள். அப்போதும் ஒட்டியது. மிச்சமிருந்தது வேலின் புட்டிதான். பக்கத்து ஆய்வகத்தில் பிரிக்காத புட்டி ஒன்று வாங்கி வந்து போட்டுப் பார்த்தாள். வால் காலி.

அப்படியென்றால் அவள் புட்டியில்தான் ஐசோலூசின் கொஞ்சம் கலந்திருக்கிறது. நொதி தப்பே செய்யவில்லை. அத்தனை வேலினையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, அந்தத் துணுக்கைத் தேடிப் பிடித்து ஒட்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மௌனசாமி மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"என் வேலின் புட்டியில எப்படிங்க ஐசோலூசின் கலந்துச்சு?"

"அதை எடுத்த கரண்டியைத் துடைக்காம இதுல விட்டீங்க மேடம். அன்னைக்கே சொன்னேன். 'உங்க வேலையைப் பாருங்க'ன்னீங்க."

அவமானத்தில் முகம் எரிய, தலைவர் அறைக்கு ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீட்டிக்க வேண்டாம்னு காலையிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனேம்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான் இன்னொரு தரம் பார்க்கவே இல்லையே."