விட்டுப்போன பெயர்

மோர் ஊற்ற மருமகள் சொம்போடு வந்து நின்றபோது, போதும் என்று சொல்ல வாயெடுத்த அர்த்தநாரிக்கு அவள் பெயர் வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூப்பிட்ட பெயர். நாக்கு நுனியில்கூட இல்லை. அது இருந்த இடத்தையே யாரோ வழித்துத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கையை மட்டும் வட்டிலுக்குக் குறுக்கே நீட்டினார். அவள் அடுப்பங்கரைக்குப் போய்ச் சொம்பை வைக்கும் சத்தம் கேட்ட பிறகு, அழைக்காமலேயே வந்து நின்றது: வசந்தாமணி. மீதிச் சோற்றை வட்டிலிலேயே விட்டு எழுந்தார்.

அவருடைய அண்ணன் சின்னுசாமிக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின, பிறகு வழிகள். கடைசிக் காலத்தில் சொந்த வாசலில் நின்றுகொண்டு "இது யாரூடுங்க?" என்று பெற்ற மகனையே கேட்டார். மல்லசமுத்திரம் சந்தையில் வேட்டியில்லாமல் நின்றவரைப் பிடித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து மகன்கள் அவர் காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கும் பார்த்துக்கொள்ளக் காடுகரை இருந்தது. பார்க்கப் போகும்போதெல்லாம் அர்த்தநாரி அண்ணனின் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசிவிட்டு வருவார். எழுபதைத் தாண்டிவிட்ட இப்போது, அந்த முகம் அல்ல, கயிறுதான் கண்ணுக்குள் நின்றது. உறுத்தாமலிருக்கக் கணுக்காலில் பழைய சேலைத்துணி சுற்றியிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. உழாமல் போட்ட காடுதானே இறுகும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுநாள் விடிகாலையில், இருபுறமும் கிளுவை வேலி அடைத்த இட்டேரிப் பாதையில் தோட்டத்துக்கு நடக்கையில், ஏரில் பூட்டிய எருதுகளை ஒவ்வொன்றாக, வாங்கிய சந்தையோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். அடுத்த நாள் ஊரின் வடக்கு வீதி, வீடு வீடாக. வராத பெயருக்காக வேலியோரம் நின்றார். சில பெயர்கள் அரைநாள் அலைக்கழித்துவிட்டு, மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடும்போது தானாக வந்து விழும். அன்றைக்கெல்லாம் உடம்பு லேசாக இருக்கும். பழையது மட்டும் போதாதென்று பட்டது. பக்கத்துக் காட்டில் ரிக் வண்டி வந்து குழாய்க்கிணறு போட்டபோது, எந்த ஆழத்தில் என்ன பாறை என்று கேட்டு வந்து அதையும் சேர்த்துக்கொண்டார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு விடியலுக்காகக் காத்திருக்கும் மனிதராக ஆனார்.

ஆனால் ஊர் பார்த்தது வாய் அசைவதை மட்டும்தான்.

"அப்பா, இனி தோட்டத்துக்குத் தனியாப் போக வேண்டாமுங்க," என்றான் மூத்தவன் வெள்ளியங்கிரி. "தானாப் பேசிட்டுப் போறீங்கன்னு ஊரே சொல்லுது. கெணத்தோரம் ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா? பெரியப்பனாட்டம்..."

மருந்தைப் பார்த்து நோய் என்கிறார்கள். விளக்க வேண்டுமென்றால் அந்த மோர்ச் சொம்பிலிருந்து தொடங்க வேண்டும். அர்த்தநாரி எழுந்து கை கழுவப் போனார்.

அவர் மனைவி காளியாத்தாள் முறத்திலிருந்து தலையெடுக்காமல் மகனிடம் சொன்னாள்: "நாளைக்கு நானுங் கூடப் போறேன் சாமி. பாத்துட்டு வந்து சொல்றேன்."

மறுநாள் அவளுடைய முழங்கால் வலிக்காக அவர் நடையைக் குறைத்துக்கொண்டார். இட்டேரிக்குள் நுழைந்ததும் கேட்டாள்.

"என்னுங்க பேசிட்டுப் போறீங்க?"

அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் சொன்னார். "ஒட்டுக்கா மறந்துருவேனோன்னு பயமா இருக்குது புள்ள. அதான் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கறேன்."

அவள் சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "செரி, சொல்லுங்க. தப்பிருந்தா நான் சொல்றேன்."

அன்றைக்குச் சொந்தபந்தத்தின் முறை. தன் பங்காளிகளைச் சொன்னார். அவள் பிறந்த வீட்டாரையும், அவளே மறந்துபோயிருந்த சின்னம்மா ஒருத்தி உட்பட, சொன்னார். காளியாத்தாள் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது. பிறகு பிள்ளைகளுக்கு வந்தார்.

"பெரியவன் வெள்ளியங்கிரி. புதுச்சத்திரத்துல கட்டிக் குடுத்த குப்பாயி. லாரிக்குப் போன அருணகிரி." மூச்சு வாங்கிக்கொண்டு பேரன்களைத் தொடங்கினார்.

"ஒண்ண உட்டுட்டீங்க," என்றாள்.

அவர் நின்றுவிட்டார். அது மறதி அல்ல. நாற்பது வருடமாக அந்தப் பெயர் அந்த வீட்டில் ஒலித்ததில்லை. காய்ச்சலில் போன குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த காளியாத்தாள், வாரக்கணக்கில் எழவில்லை. இவள் காதில் இனி அந்தப் பெயர் விழக்கூடாது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நாளாக ஆக, தனியாகச் சொல்லும்போதும் அந்த இடம் வந்தால் நாக்கு தானாகத் தாண்டிப் போனது.

"மறக்கல புள்ள. நீ தாங்கமாட்டீன்னுதான்..."

"நீங்க மறந்துட்டீங்கன்னுல்ல நான் இருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "இத்தன வருசமா. ஆம்பளைக்கு என்ன, அடுத்த சோலியப் பாத்துட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சுட்டேன்."

வேலிக்கு அப்பால் யாரோ மாட்டை அதட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அர்த்தநாரி காத்திருந்தார்.

"ஆத்தாயி," என்றார்.

காளியாத்தாள் வேலிக்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் பயந்து அவள் தோளைத் தொட்டார். அவள் அழவில்லை. "இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள். சொன்னார்.

அதன்பிறகு அவர்கள் நகரவே இல்லை, நின்ற இடத்திலேயே மாறி மாறிச் சொன்னார்கள். அம்மாவின் காது மடலைப் பிடிக்காமல் அந்தக் குழந்தைக்குத் தூக்கம் வராது என்பது அவருக்குத் தெரியாது. கன்றுக்குட்டி தின்ன வேண்டுமென்று தன் பங்குக் கொள்ளுப்பயறைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு கட்டுத்தறிக்கு ஓடியதை அவள் பார்த்ததில்லை. ஆளுக்குப் பாதியாக வைத்திருந்திருக்கிறார்கள்.

"வெள்ளியங்கிரிகிட்ட என்ன சொல்லுவ?" என்று கேட்டார்.

"அதப் பொறகு பாத்துக்கலாம். திருச்செங்கோட்டுத் தேருக்குத் தோள்மேல வெச்சுத் தூக்கிட்டுப் போனீங்களே, அப்ப புள்ள இத்தன ஒசரம் இருப்பா, இல்லீங்களா?" காளியாத்தாள் இடுப்புக்கு நேராகக் காற்றில் கையை விரித்துக் காட்டினாள்.

அர்த்தநாரி அந்தக் கையைப் பிடித்து ஒரு சாண் கீழே இறக்கினார். "இவ்வளவுதான்."

அவள் குனிந்து பார்த்தாள். கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள், அவரும் விடவில்லை.