வெளுப்பாகவே இருந்த மாவு

மதியம் உணவகத்தின் புகைபோக்கியிலிருந்து ஒரு நூல் புகை வந்தாலும் அதை இடித்துவிடப் போவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மாடி டீச்சரின் துவைத்த துணிகளில் கரி படிகிறதென்று மூன்று மாதமாகப் புகார். "மதியம் என் அடுப்பு எரியவே எரியாது சார்" என்று உணவகம் நடத்தும் அக்கா சத்தியம் செய்ததற்கு, "டீச்சரோட நானே சாப்பிட வர்றேன். பார்த்துடலாம்" என்றிருந்தார். புகைபோக்கி போனால் விறகு அடுப்பு போயிற்று. அடுப்பு போனால் உணவகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

அவள் சொன்னது பொய்யில்லை. செங்கல் குகை போன்ற அந்த அடுப்பில் காலை ஏழு மணிக்குத் தீ மூட்டுவாள். நான்கு மணி நேரத்தில் சூடு கல்லுக்குள் மெல்ல இறங்கும். பிறகு தணலை வாரி இரும்புத் தொட்டியில் போட்டு மூடுவாள். ஆட்டுத்தொடையையும் அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்தில் பறித்த பூசணியையும் உள்ளே தள்ளி, கதவின் விளிம்பைப் பிசைந்த மாவால் அடைப்பாள். அதன்பின் சமைப்பது கல் குடித்து வைத்திருக்கும் சூடு. வெளியே பூசிய மாவு சிவந்தால் உள்ளே வெந்தது என்று கணக்கு.

இன்றுதான் அவர்கள் சாப்பிட வரும் நாள். மணி பன்னிரண்டரை. மாவு வெளுப்பாகவே இருந்தது.

அக்கா விறகு மூலைக்கு ஓடினாள். மிஞ்சிக் கிடந்த கட்டை ஒன்றை எடுத்தாள். கனமாக இருக்குமென்று தம் பிடித்துத் தூக்கியதில் அது தோள்வரை வந்துவிட்டது.

"டேய் தம்பி, இது எந்த மரம்டா?"

"பழைய மரம் தீர்ந்துபோச்சுன்னு விறகுக்காரர் இதைக் கொடுத்தார்க்கா. பட்டை அதே மாதிரிதானே இருக்கு? தீயும் எப்படி எரிஞ்சுது, பார்த்தியே!"

அதில்தான் அவளும் ஏமாந்தாள். லேசான மரம் ஆளுயரத்துக்கு எரிந்து சீக்கிரம் அடங்கிவிடும். கல்லுக்குள் சூடு இறங்க நேரமே தராது. விறகை எடை பார்க்காமல் கையணைப்புக் கணக்கில் போட்டே பழகியவள், வழக்கம்போல் பன்னிரண்டு அணைப்பு போட்டிருந்தாள். தினமும் ஒரு சிட்டிகை மாவை அடுப்புத் தரையில் தூவி, எத்தனை எண்ணுவதற்குள் கருகுகிறது என்று பார்ப்பாள். இன்று அந்தப் பெருந்தீயைப் பார்த்த தெம்பில் அதையும் விட்டுவிட்டாள்.

வாசலில் டீச்சரின் குரல் கேட்டது. "நெருப்பில்லாம புகையுமான்னு கேப்பாங்க. இங்க ரெண்டுக்கும் பஞ்சமில்ல. நான் ஜன்னலோரமா உட்கார்றேன், அங்கேருந்து புகைபோக்கி நல்லாத் தெரியும்."

"நாலு கட்டை போட்டுடலாம்க்கா, ரெண்டு நிமிஷப் புகைதானே?" என்றான் தம்பி.

"அந்த ரெண்டு நிமிஷத்தைப் பிடிக்கத்தான் அவங்க அங்க உட்கார்ந்திருக்காங்க. தொட்டியைத் திற."

மூடி வைத்த தணல் மேலே கறுத்திருந்தாலும் அடியில் இன்னும் கனன்றது. புகையாகப் போக வேண்டியதெல்லாம் காலையிலேயே போயாயிற்று. விசிறினால் வெறும் சூடுதான் வரும். அக்கா கத்தியால் மாவைக் கீறிக் கதவைத் திறந்தாள். பூசணி அந்த அரைச்சூட்டிலேயே குழைந்திருந்தது. தொடையின் உள்ளே மட்டும் பச்சை ரத்தம். எலும்பை நீக்கி, விரல் கன வில்லைகளாக மளமளவென்று அரிந்தாள். தம்பி தணலை அடுப்பின் வாயில் பரப்பி, மேலே கம்பி வலையைப் போட்டு முதல் வில்லையை வைத்தான். ஓரத்தில் கொழுப்பு திரண்டு, முத்தாகத் தொங்கியது.

"கொழுப்பு!" என்றான் தம்பி.

தணலில் கொழுப்பு விழுந்தால் புகைதான். அக்கா இரும்புத் தட்டை வலைக்கு அடியில் தள்ளவும், சொட்டு அதில் விழவும் சரியாக இருந்தது. தணலை இரண்டு ஓரத்துக்கும் ஒதுக்கினாள். அதற்குப் பிறகு இருவரும் மூச்சுவிடக்கூட யோசித்தார்கள்.

ஒன்றேகாலுக்குத் தட்டு மேசைக்குப் போனது.

"முழுத் தொடைன்னுல்ல பலகையில எழுதியிருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

சொல்லாதே என்று தம்பி கண்ணைக் காட்டினான். அக்கா கவனிக்காத மாதிரி, "விறகு ஏமாத்திடுச்சு சார். ஏழு மணிலேருந்து பதினொண்ணு வரைக்கும் எரிச்சும் கல்லு சூடேறல. அதான் அரிஞ்சு தணல்ல வாட்டினேன்" என்றாள்.

டீச்சர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "பதினொண்ணு வரைக்குமா? அப்புறம் எரியாதா?"

"என்னிக்குமே எரியாது டீச்சர்."

"நான் எட்டு மணிக்குத் துணி காயப்போட்டு சாயங்காலம் எடுக்கறேன். நாள் பூரா புகையுதுன்னுல்ல நினைச்சேன்! இதை ஒரு வார்த்தை மாடிக்கு வந்து சொல்லியிருந்தா பன்னிரண்டுக்குக் காயப்போட்டிருப்பேனே?"

மூன்று மாதமாக அக்கா வீட்டுக்காரரிடம் மட்டும்தான் வாதாடியிருந்தாள்.

"அப்போ இடிக்கணுமா, வேணாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றார் டீச்சர். "முதல்ல அந்தப் பூசணியை இந்தப் பக்கம் தள்ளுங்க."