பதினாறாம் கட்டம்

அண்ணன் தன் வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி திரையின் பதினாறாம் கட்டத்தைத் தொட்டால், ஊரின் மறுகோடியில் மூன்றாம் மாடி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கையின் உச்சந்தலையில் ஒரு விரல் படும். நாளொன்றுக்கு ஏழு முறை. மழை பெய்தால் பத்து வரை போகும். பட்ட இடத்தில் கொஞ்ச நேரம் இளஞ்சூடு இருக்கும். விரல் யாருடையது என்று தெரிவதற்கு முன் அவள் மூன்று ஷாம்பு மாற்றினாள், பேன் சீப்பு வாங்கினாள், ஏசிக் காற்று நேரே மண்டையில் இறங்குகிறது என்று சண்டை பிடித்து இருக்கையையும் மாற்றிக்கொண்டாள். கடைசியில் டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுத்தாள். தலைக்குள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எதற்கும் ஒரு வாரம் அந்த நேரங்களைக் குறித்துக்கொண்டு வரும்படி டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அவளுடைய வேலை மென்பொருள்களுக்குத் திரை அமைப்பது. அதற்கான பொத்தான், பெட்டி, ஐகான் எல்லாம் ஆயத்தத் துண்டுகளாகவே கிடைக்கும், விட்ஜெட் என்பார்கள். ஐகான் ஒன்றை வைக்க என்ன படம், எவ்வளவு பெரிது, தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று சொன்னால் போதும், மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும். படத்தைச் சொல்ல மறந்தால் அதுவும் கோபித்துக்கொள்ளாது, அந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். ஓர் ஐகான் ஒரேயொரு புள்ளி இடப்பக்கம் தள்ளியிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்றே பெயர்.

அண்ணன் பஸ் ஓட்டுநர். இருபத்தாறு வருடம் ஒரே தடத்தில் ஓட்டினான். பிரேக் போட்டால் நிற்கிற பயணி கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை என்று பேர் வாங்கியவன். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆறு வருடம் பேச்சு இல்லை. அம்மா கடைசியாகப் படுத்தபோது தங்கை எட்டு மாதக் கர்ப்பிணி, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் கட்டளை. அதனால் நிலைமை கைமீறிப் போனதை அண்ணன் அவளிடமிருந்து மறைத்துவிட்டான். சேதி தெரிந்து அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் கால் வைக்காமல், வாசலில் நின்று, நாலு பேர் கேட்கும்படி, இனிமேல் எனக்கு அண்ணன் என்று யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவன் போன் செய்துகொண்டே இருந்தான். அவள் எடுக்கவில்லை. ஆறாம் வருடம் ஒரு மாலை, கடைசி நடையை முடித்து, பஸ்ஸைக் கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்திவிட்டு, டீயைக் கையில் வாங்கியவன் அப்படியே சரிந்தான். வலது கையும் பேச்சும் போயின. உருப்படியாக மிஞ்சியது இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான்.

அண்ணி போன் செய்தபோது தங்கை அழவில்லை. அழுகிற பழக்கம் அவளுக்குக் குறைவு, வேலை செய்கிற பழக்கம் அதிகம். விடுப்பு எடுத்துக்கொண்டு பதினொரு நாளில் அவனுக்காக ஒரு திரை செய்தாள். தண்ணீர், மின்விசிறி, போர்வை, வலி, ஜன்னல், கழிப்பறை, அண்ணி, மகன், ஆமாம், இல்லை என்று இப்படி மொத்தம் பதினைந்து ஐகான்கள். அவன் விரல் அலையும் என்பதால் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தொட்டால் அந்தச் சொல் ஒலிக்கும். குரலுக்கு வேறு ஆள் கிடைக்காமல் அவளே பேசிப் பதிந்தாள். வரிசைக்கு நாலு என்று அடுக்கியதில் கடைசி வரிசையில் மூன்றுதான் நின்றது. மூன்று என்றால் அவை இடத்தை நிரப்பப் பக்கவாட்டில் உப்பிக்கொள்ளும். போர்வை பாய் மாதிரி ஆகிவிடும். புள்ளியம்மாவுக்கு அது பொறுக்குமா? படமோ குரலோ இல்லாத ஓர் ஐகானை முட்டுக்கொடுக்கப் பதினாறாவதாகச் செருகினாள். அங்கே தன் முகத்தை வைத்திருக்கலாம். வைத்துவிட்டு, அவன் அதை ஒருநாளும் தொடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். அதுதான் உண்மை.

திரையை அண்ணியிடம் கொடுத்தாள். கட்டிலில் கிடந்தவனுக்கு முகம் கொடுக்காமல், எப்படித் தொட வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். திரை நன்றாகவே வேலை செய்தது. அவன் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் ஐகானில் டம்ளர் காலியாகும்; காலையில் தானே நிரம்பிக்கொள்ளும். மின்தடை வந்தால் விசிறி ஐகான் கொஞ்சம் காற்று விடும். ஜன்னல் படத்தின் வழியாகச் சில நாள் தூறல் தெறிக்கும். அண்ணி முந்தானையால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஆறு மாதம் கழித்து, ஆமாம் என்ற ஐகான் சரியாக ஒலிக்கவில்லை என்று அண்ணி சொல்ல, தங்கை அலுவலகத்திலிருந்தே திரையின் பதிவேட்டைத் திறந்தாள். எந்தக் கட்டத்தை எத்தனை மணிக்குத் தொட்டான் என்று அதில் வரிசையாக இருக்கும். பதினாறு, 11.07. பதினாறு, 11.40. பதினாறு, 3.15. டாக்டருக்காகக் குறித்து வைத்திருந்த சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு நிமிடம் பிசகவில்லை.

எதையும் சோதிக்காமல் நம்புகிற பிறவி அல்ல அவள். பதினாறாம் கட்டத்தில் ரேடியோப் படம் வைத்தாள். அவன் தொடவில்லை. பஸ் வைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான் என்று அண்ணி சொன்னாள். செய்தித்தாள் வைத்தாள். மூன்று நாள் உச்சந்தலை சில்லென்று கிடந்தது. மூன்று நாளும் அவளுக்கு வேலை ஓடவில்லை. கோணலாக நின்ற ஐகான்களைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. நாலாம் நாள் எல்லாப் படத்தையும் எடுத்துவிட்டுப் பழையபடி காலியாக விட்டாள். காலை பத்தேகாலுக்கு விரல் பட்டது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"வாம்மா. எந்நேரமும் இதையேதான் தொட்டுக்கிட்டுக் கிடக்கார். ஒண்ணுமே இல்லாத கட்டத்துல என்னதான் இருக்கோ" என்றாள் அண்ணி.

"எனக்குத் தெரியும் அண்ணி."

நாற்காலியைக் கட்டிலுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை.

"அண்ணா, அதைத் தொடு."

அவன் தொட்டான். விரல் கண்ணாடியில்தான் இருந்தது. அவள் கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று.

"இங்க படுது. ஆபீஸ்லயும் படுது. ஆறு மாசமா."

அவன் கண்கள் விரிந்தன. அது அவளைப் போய்ச் சேர்கிறது என்று அவனுக்குத் தெரியாது. திரையில் எல்லாரும் இருந்தார்கள், தங்கை இல்லை. இல்லாத இடத்தை அவளுக்கென்று வைத்துக்கொண்டு, பதில் எதையும் எதிர்பார்க்காமல் தொட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். முகத்தின் ஒரு பாதி மட்டும் அழுதது.

"அன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னேனே, எனக்கு அண்ணன்னு யாரும் இல்லன்னு. நீ போன் பண்றப்பல்லாம் கையிலயே வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பேன். அடிச்சு ஓயுற வரைக்கும் பாப்பேன். எடுக்க மாட்டேன். உனக்கு இப்பதான் வாய் வரல. எனக்கு வாய் இருந்தும் பேசல. மன்னிச்சிருண்ணா."

அவன் விரல் கட்டங்களின் மேல் மெதுவாக நகர்ந்து போயிற்று. ஒன்றைத் தொட்டான். "வலி" என்றது அவளுடைய குரல். இன்னொன்றைத் தேடித் தொட்டான். "இல்லை" என்றது அதே குரல்.

அண்ணி டீ போடுவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் கழித்து டீ வந்தது. பதினாறில் தன் போட்டோவை வைத்துவிடட்டுமா என்று தங்கை கேட்டாள். அவன் இல்லையைத் தொட்டான். "ஏன், என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள். அவன் யோசிக்காமல் ஆமாமைத் தொட்டான். இந்தத் தடவை அது சரியாகவே ஒலித்தது.

அதன் பிறகு நாலு வருடம் ஆகிறது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா கேட்டு வாங்கிப் போனதில், அந்தத் திரை இன்று நாற்பது வீடுகளில் இருக்கிறது. கடைசிக் கட்டம் எதற்கு என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். அது தொடுறவங்களுக்குத் தெரியும், விட்டுடுங்க என்பாள் தங்கை. ஐகான்களின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம், நான்காம் வரிசையில் படமில்லாத ஒன்று இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது. அவள் முழுதாகப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறாள். ஊரில் தபால்காரர் சைக்கிளை நிறுத்திக் காதைத் தடவிக்கொள்வார். ஆசிரியை கரும்பலகையில் பாதி வாக்கியத்தில் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பாள். யாரும் என்னவென்று கேட்பதில்லை. அலுவலகக் கூட்டத்தில் புள்ளியம்மாவின் கை உச்சந்தலைக்குப் போனால் மேலாளர் பேச்சை நிறுத்துவார். "இருக்கேண்ணா" என்று அவள் மெல்லச் சொல்லிக்கொள்வாள். பிறகு கூட்டம் தொடரும்.