கேலரி இன்னும் முடியவில்லை

கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீடு கட்டுவார்கள், கடை போடுவார்கள். பவித்ராவும் விக்னேஷ்குமாரும் ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதுவும் செல்போனுக்குள். அவள் குஜிலியம்பாறைக்குப் பக்கத்து ஊரில் ஆட்டுக்கொட்டகை ஓரமாக உட்கார்ந்துகொண்டு கேலரிக்குப் படி அடுக்குவாள். அவன் துபாயில் உட்கார்ந்துகொண்டு கபடிக் களத்துக்குக் கோடு போடுவான். சதுரக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து என்ன வேண்டுமானாலும் எழுப்பலாம் என்கிற கேம் அது. கோட்டை கட்டுகிறவர்கள் உண்டு, கப்பல் கட்டுகிறவர்கள் உண்டு. ஊர்க் கபடி டீமுக்குக் கேப்டனாக இருந்தவனுக்கு வேறு என்ன கட்டத் தோன்றும்?

இதில் விளையாட்டு ஆசையை விடக் கஷ்டம்தான் அதிகம். கல்யாணமாகி நாலு மாதத்தில் அவன் விமானம் ஏறிவிட்டான். போனில் சாப்டியா என்பான், ஊரில் மழையா என்பான், அம்மா எங்க என்பான். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். பழகவே நேரம் கிடைக்காத இரண்டு பேர் கடல் தாண்டி வேறு என்னதான் பேசுவார்கள்? பாதி நேரம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். அப்போது துபாயில் அவனோடு வேலை பார்த்த சதாம்தான் இந்தக் கேமைச் சொல்லிக் கொடுத்தான். அந்த உலகம் பவித்ராவின் போனில் இருந்தது. அவள் திறந்தால்தான் அவன் உள்ளே வரமுடியும், அவள் மூடினால் அவனுக்கும் மூடிவிடும்.

உள்ளே போனதும் விக்னேஷ்குமாருக்கு வாய் வந்துவிட்டது. களம் பதிமூன்றுக்குப் பத்து, ஒரு கட்டை கூடக் கூடாது, குறையவும் கூடாது என்று அவளை மிரட்டினான். போனஸ் பாயிண்டுக்கான கோடு ஒன்றை அவள் தள்ளிப் போட்டுவிட்டதற்காக ஒரு நாள் முழுக்கக் கிண்டலடித்தான். சிவப்பு பனியன் போட்ட அவன் பொம்மையும் மஞ்சள் சட்டை போட்ட அவள் பொம்மையும் வெற்றுக் களத்தில் ஒன்றையொன்று துரத்தும். பவித்ராவுக்கு அவன்மேல் ஆசை வந்தது தாலி கட்டிய நாளில் இல்லை, இந்தக் களத்தில்தான். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதனால் படிகளை நேராக அடுக்கினாள்.

இரண்டு மாதமாக அவன் குரல் இல்லை. கேம்ப் மாற்றிவிட்டார்கள், இங்கே போனில் பேச முடியாது, வீடியோவும் எடுக்காது, கேமும் மெசேஜும்தான் ஓடுகின்றன என்று எழுதினான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்று இங்கே நாலு மணிக்கு வருவான். பேச்செல்லாம் எழுத்தில்தான், கேம் திறந்திருந்தால் அதற்குள்ளேயே, மூடியிருந்தால் மெசேஜில். மாமியார் ஜக்கம்மாள் மகன் குரலைக் கேட்க முடியவில்லை என்று புலம்பினாலும், பெரிய கம்பெனி என்றால் அப்படித்தான் கட்டுத்திட்டமாக இருக்கும் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அவன் கிளம்பியபோது டீம் பையன்கள் ஊர் முகப்பில் வைத்த ஆளுயர பிளக்ஸ் பேனர் இப்போது ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாக இருந்தது. கூலிங் கிளாஸ் போட்ட விக்னேஷ்குமார் மல்லாந்து கிடந்தபடி ஆடுகளைக் காத்தான்.

ஸ்டேடியம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. ஒரு அடுக்குக் கேலரி போதும் என்று ஆரம்பித்தவன் இரண்டாவது அடுக்கு கேட்டான். பிறகு வீரர்கள் உடை மாற்ற அறை, ஸ்கோர் போர்டு, நாலு மூலையிலும் லைட் கம்பம், வெளியே வேன் நிறுத்த இடம் என்று ஒன்று முடிவதற்குள் இன்னொன்றைச் சொன்னான். ஒரு ஆள் கூட உட்காரப் போவதில்லை, எதற்கு இம்புட்டு என்று அவள் கேட்டால் சிரிப்புப் பொம்மையை அனுப்புவான்.

ஒரு திங்கட்கிழமை, அன்றைய கட்டு வேலையை முடித்துக்கொண்டு கேமிலிருந்து கிளம்பும்போது அவன் எழுதினான்: ‘நாளைக்குப் பகல் பூராம் கரண்ட் இருக்காது புள்ள, சார்ஜ் நிக்காது. கரண்ட் வந்த பெறகு வாரேன்.’

அவளும் சரி என்று எழுதிவிட்டாள். மாதத்தில் ஒரு நாள், பராமரிப்பு என்று சொல்லி, கம்பியில் உரசும் கிளைகளை வெட்டக் காலையில் நிறுத்தி சாயங்காலம் விடுவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி. கரண்ட் போகுமா என்று எவரும் ஆச்சரியப்படுவதில்லை, எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். மாவை முன்கூட்டியே ஆட்டிவைத்து, தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிட்டுத்தான் பவித்ரா படுத்தாள்.

மறுநாள் ஊரில் கரண்ட் போகவே இல்லை. மின்விசிறி காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பால் வண்டி ஓட்டும் பொன்னுத்துரை திண்டுக்கல்லில் இருந்து திரும்பியவன், கேனை இறக்கிக்கொண்டே சலித்துக்கொண்டான்.

“பஸ் ஸ்டாண்டு பக்கம் பூராம் காலையில இருந்து கரண்ட் இல்லக்கா. இந்த வேக்காட்டுல ஒரு குளுந்த தண்ணி கெடைக்கல. இப்பத்தான் விட்டான்.”

செத்த நேரத்தில் அவள் போன் மினுங்கியது. ‘இப்பத்தான் கரண்ட் வந்துச்சு, வா’ என்று எழுதியிருந்தான்.

திண்டுக்கல்லில் கரண்ட் வந்த நேரத்துக்குத் துபாயில் எப்படிக் கரண்ட் வரும் என்று பவித்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவள் கேமைத் திறக்கவில்லை. தலைவலி என்று எழுதிவிட்டு, ஆடுகளுக்குத் தழை போடுகிற சாக்கில் கொட்டகைக்குள் போய் நின்றாள். முதலில் நினைத்தது இன்னொரு பெண்ணைத்தான், வேறு என்ன நினைப்பாள். திண்டுக்கல்லில் எவளோ ஒருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டு, எனக்குக் கட்டை அடுக்கக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தபோது, மேலே கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்தவனைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

சதாமுக்கு அழைத்தாள். அவன் முதலில் மழுப்பினான், வேலை நேரம் என்றான். நாளைக்கு மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஊரில் இருக்கிற உங்கள் வீட்டு வாசலில் வந்து உட்காருவேன் என்று அவள் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தான்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல தங்கச்சி. எங்க கம்பெனி பாதிப் பேர ஊருக்கு அனுப்பிருச்சு. ரெண்டு மாசமாச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பார்சல் ஆபீஸ்ல மூட்டை எறக்கிட்டு, அங்கேயே மாடியில படுத்துக்கிறான். வீட்டுக்குப் போடான்னு நானும் தெனம் சொல்றேன். பேனர் வச்சு அனுப்புன ஊருக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுங்கிறான்.”

இன்னொரு பெண் இல்லை என்றதும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி நிலைக்கவில்லை. திண்டுக்கல்லில் இருந்து ஒரே பஸ், ஏறினால் வீடு. தினமும் இருபது பஸ் வருகிறது, ஒன்றில்கூட அவன் ஏறவில்லை. இன்னொருத்தி இருந்திருந்தால் அவளோடு சண்டை போடலாம். வெட்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது? இப்படியே ஒரு வருடம், இரண்டு வருடம் போனால் தான் யாருக்குப் பெண்டாட்டி, அந்தச் சிவப்பு பனியன் பொம்மைக்கா என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறேன் என்று ஜக்கம்மாளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

பார்சல் ஆபீஸைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அதை ஒட்டி ஒரு டீக்கடை. நாலு மணி இன்னும் ஆகவில்லை. கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டி ஒன்றின் மேல் விக்னேஷ்குமார் உட்கார்ந்திருந்தான். தாடி விட்டிருந்தான், தோள் எலும்பு தெரிந்தது. போனைப் படுக்கவாட்டில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

என்ன கேட்பது, எப்படித் திட்டுவது என்று பஸ்ஸில் ஒத்திகையே பார்த்து வந்திருந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் அவனைப் பார்த்ததும் இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். இப்படி நேரில் போய் நின்றால் அங்கேயே உடைந்துபோவானோ, எழுந்து ஓடிவிடுவானோ என்று தோன்றியது. பூட்டுக் கடை நிழலில் ஒதுங்கி, தன் போனில் கேமைத் திறந்தாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் அவன் முகம் மலர்ந்தது. அவள் பார்த்ததே இல்லை, அப்படி ஒரு சிரிப்பை. நாலு மாதக் குடித்தனத்தில் ஒரு நாளும் அவளைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. களத்துக்குள் சிவப்பு பனியன் பொம்மை ஓடிவந்து அவள் பொம்மை முன்னால் குதித்தது.

‘வந்துட்டியா புள்ள. தலைவலி தேவலையா?’

தேவலை என்று எழுதினாள். அங்கே வெயில் எப்படி என்று கேட்டாள்.

‘துபாய்ல கேக்கவா வேணும். அனலா அடிக்குது.’

எழுதிவிட்டு சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்தான். அதே வெயில் அவள் கழுத்திலும் வழிந்தது. கோபப்பட வேண்டிய இடம்தான், ஆனால் அவளுக்கு அழுகைதான் முட்டியது.

‘கேலரி முடிஞ்சா ஊருக்கு வருவீங்களா?’

அவன் கட்டைவிரல்கள் நின்றன. டீ கிளாஸை எடுத்தான், குடிக்காமல் கீழே வைத்தான்.

‘முடியட்டும், பாப்போம்’ என்று வந்தது. கூடவே, ‘இந்த ரெண்டாவது அடுக்கு வளைஞ்ச மாதிரி இருக்கு. பிரிச்சுத்தான் கட்டணும்.’

சிவப்பு பனியன் பொம்மை மேலே ஏறி, போன மாதமெல்லாம் அவள் அடுக்கிய படிகளை ஒவ்வொன்றாக உடைக்க ஆரம்பித்தது. வளைசலும் இல்லை, ஒன்றும் இல்லை, அவள் எண்ணி எண்ணி வைத்த படிகள். இரண்டாவது அடுக்கும் வேன் நிறுத்துமிடமும் எதற்கு வந்தன என்று பவித்ராவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் வரும் வரைக்கும் பொழுது போகட்டும் என்று அவள் கட்டினாள். அவனோ வராமல் இருப்பதற்காகக் கட்டிக்கொண்டிருந்தான். அதற்கு அவளே தினம் நாலு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

கடைசியாக ஒரு தடவை எழுதிப் பார்த்தாள். ‘தலையத் தூக்கிப் பாருங்க.’

கேலரியின் மேல் நின்ற பொம்மை தலையை நிமிர்த்தி, கம்பத்து லைட்டுகளைப் பார்த்தது. பழப்பெட்டியில் உட்கார்ந்திருந்தவன் நிமிரவில்லை.

‘லைட்டத்தானே சொல்ற? இன்னும் ரெண்டு கூடப் போடலாம்.’

பவித்ரா கேமை விட்டு வெளியே வந்தாள். இந்த உலகத்தை அழித்தால் திரும்பக் கிடைக்காது, அழிக்கவா என்று போன் கேட்டது. பதிமூன்றுக்குப் பத்து களத்தை நினைத்தாள். அவன் அவளைக் கிண்டலடித்த இடம், துரத்திய இடம், அவளுக்கென்று இருந்த ஒரே இடம். அழுத்திவிட்டாள்.

எதிர்ப் பக்கத்தில் அவன் போனை உதறினான். சிக்னல் தேடி உயரத் தூக்கினான், திருப்பித் திருப்பித் தட்டினான். பதறிப்போய் எதையோ அழுத்தினான். அவள் போன் அடித்தது. பேசவே முடியாது என்று சொன்ன துபாய் நம்பர்தான், நெட் வழியாக.

எடுத்துக் காதில் வைத்தாள். ஒட்டன்சத்திரம், பழனி என்று ஒரு கண்டக்டர் கத்தினார். அந்தக் குரல் போனுக்குள்ளிருந்தும் வந்தது, சாலையிலிருந்தும் வந்தது.

“புள்ள, என்னாச்சு? எல்லாம் போயிருச்சே” என்றான். இரண்டு மாதம் கழித்து அவன் குரலைக் கேட்டாள்.

“நான்தான் அழிச்சேன். எதுத்தாப்புல பாருங்க.”

அவன் பார்த்தான். முகம் வெளுத்தது. எழுந்தான், ஓடப்போகிறவன் மாதிரி ஒரு அடி வைத்து நின்றான். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“அம்மாவும் வந்துருக்கா?”

“இல்ல. நான் மட்டுந்தான்.”

பழப்பெட்டியில் மறுபடி உட்கார்ந்து, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் முகத்தை மூடிக்கொண்டான். பவித்ரா போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பஸ் போகட்டும் என்று நின்று, சாலையைக் கடந்தாள்.