பாடை தூக்கும் வரை

காத்தாயி அக்காவுக்கு முன்பல் இரண்டு கிடையாது. அது அவள் புருஷன் நாகராசு செய்த கைங்கரியம். நாற்பத்தெட்டாம் வருஷம் அவள் அம்மா செத்தபோது, தலைமாட்டில் உட்கார்ந்து அவள் பாடிய ஒப்பாரியைக் கேட்டு, மேளம் அடிக்க வந்தவர்களே குச்சியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்களாம். கொஞ்ச நாளிலேயே பக்கத்து ஊர் எழவு வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கோடு ஆள் வந்து கூப்பிட்டது. "ஊரான் வீட்டுப் பொணத்துக்கு எம்பொண்டாட்டி மாரடிக்கிறதா?" என்று நாகராசு அவள் வாயிலேயே குத்தினான். அக்கா பல்லைத் துப்பிவிட்டு உலக்கையை எடுத்தாள். அவன் வலது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்து தொங்கியது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கூப்பிட வந்தவனோடு அப்படியே நடந்துபோய் அந்த எழவில் பாடினாள். திரும்ப அவன் வாசலை மிதிக்கவே இல்லை.

நான் செவந்தி. கீரமங்கலம் சந்தைக்குப் பின்னால் அவள் குடிசை போட்ட நேரத்தில் எனக்கும் புருஷன் இல்லை, போக்கிடம் இல்லை. ஒட்டிக்கொண்டேன். அவள் அடி எடுத்துக் கொடுப்பாள், நான் பின்னால் வாங்கிப் பாடுவேன். பல் போன சந்து வழியாகக் காற்று சீறும். அந்தச் சீறல்தான் அவள் பாட்டுக்கே அழகு என்று சொல்லாத ஆள் கிடையாது. அப்படிச் சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடி வாங்கிப் பார்த்துவிட்டு வந்து அழகைப் பற்றிப் பேசட்டும்.

சாவு மேளம் அடிக்கிற ரெங்கராஜ் ஒரு செட் வைத்திருந்தான். "எங்க செட்டுல சேந்துரு காத்தாயி. நான் சொல்ற வீட்டுக்குப் பாடு. நான் கையக் காட்டுனா நிறுத்து, போதும்" என்று நியாயம் போலப் பேசினான்.

"அழுகைய நிறுத்தச் சொல்ல நீ யாருடா? நான் எவன் செட்டும் இல்ல. என்னையக் கூப்பிடுறவுக நேரா எங்கிட்ட வரட்டும்" என்றாள் அக்கா.

அந்த வாரமே, நாங்கள் ஒரு எழவுக்குப் போய்த் திரும்புவதற்குள் குடிசை சாம்பலாகிக் கிடந்தது. அக்கா அந்தச் சாம்பலை ஒதுக்கிவிட்டு அதே இடத்தில் கம்பு நட்டாள். "இருக்கிறது இந்தத் தொண்டை ஒண்ணுதான். அத எவனால கொளுத்த முடியும்?" என்றாள். எனக்கு அது திமிர்ப் பேச்சாகத்தான் பட்டது. ஆனால் அந்தத் திமிரில்தான் நானும் சோறு தின்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஒப்பாரியில் எதைச் சொன்னாலும் குற்றமில்லை. மாமியாரைப் பட்டினி போட்ட மருமகளை, அந்த மாமியார் பிணத்துக்கு முன்னாலேயே கிழித்துத் தொங்கவிடலாம். பாடை தூக்கும் வரை பாடுகிறவள் வாயை யாரும் அடைக்கக் கூடாது, மேலே கை வைக்கக் கூடாது. தூக்கிய பிறகு என்ன நடக்கும் என்பது வேறு விஷயம். கீரனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அப்படிப் பாடிவிட்டு, பாடை வாசல் தாண்டியதும் கல்லடி பட்டுக்கொண்டே திருச்சி பஸ்ஸில் ஓடி ஏறினோம். கண்டக்டர் என் மண்டையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு இடம் கொடுத்தான். அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐம்பத்தெட்டு சித்திரையில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். கீரமங்கலத்துக்குத் தெற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம், அவர்கள் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். குழந்தைசாமி என்று நிலபுலம் உள்ள பெரிய சம்சாரி. அவர் தம்பி ராசு கிணற்றில் தவறி விழுந்து செத்துவிட்டதாக எங்களுக்கு வெற்றிலை பாக்கு வந்தது.

போனால், வாசலில் பாடைமேல் கிடத்தியிருந்த ராசுவின் தலையை நெற்றியிலிருந்து பிடரி வரை வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தார்கள். குழந்தைசாமி மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்தார். நடுநடுவே எழுந்து வேலையும் ஏவினார். அவர் ஏற்பாடு செய்திருந்த ஒரு காரியத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கீரமங்கலம் கடைத்தெரு ஹாஜா முகைதீன், பேட்டரியும் பெட்டியுமாக வந்து புளியமரத்தில் மைக் செட் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் கட்டிப் பார்த்திருக்கிறோம். எழவுக்குக் கட்டி யார் பார்த்தது?

"எழவு வீட்டுக்கு நான் இதுவரைக்கும் கட்டுனதில்லைங்க. நல்லா இருக்குமாங்க?" என்று ஹாஜா தயங்கினார்.

"எட்டூருக்குக் கேக்கணும். எந்தம்பிக்கு அண்ணன் இருந்தான், எப்படி வழியனுப்புனான்னு தெரியணும்" என்றார் குழந்தைசாமி. "ஏ காத்தாயி, அந்த மைக்குக்கு நேரா ஒக்காரு. குறை வைக்காமப் பாடு."

ராசுவின் பெண்டாட்டி சொர்ணத்தை இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். ஆறுதல் சொல்லுகிற பிடியாக அது எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாட வந்தவள் முதலில் புருஷனைப் பறிகொடுத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழ வேண்டும். அதை எந்தக் கொம்பனும் தடுக்க முடியாது. அக்கா போய்க் கட்டிக்கொண்டாள். நான் மறுபக்கம் கட்டிக்கொண்டேன். சொர்ணம் அழுகிற ராகத்திலேயே, உதடு அசைவது தெரியாமல், எங்கள் காதில் சொன்னாள்.

"பெரியவுகதான், இவுக அண்ணந்தான் காத்தாயி... பாகம் கேட்டதுக்கு, உச்சிப்பொழுதுல கெணத்து வரப்புல வச்சு மம்பட்டியால பொடனியில வெட்டுனாக. கஞ்சி கொண்டு போன நான் பாத்துட்டேன். வாயத் தொறந்தா ஒன்னையும் ஒம்புள்ளையையும் அதே கெணத்துல போடுவேன்னு சொல்லியிருக்காக. ஒடம்ப எரிச்சுட்டா அப்புறம் என்னைய உசிரோட வைக்க மாட்டாக."

அக்காவின் உடம்பு விறைத்தது. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தொடையில் கிள்ளினேன். "அக்கா, வேணாம். கெணத்துல விழுந்ததாவே பாடிட்டுப் போயிருவோம். கொன்னு போட்டுருவாக" என்றேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

முதலில் வழக்கம்போலத்தான் தொடங்கினாள். ராசுவின் பிறப்பு, வளர்ப்பு, அவன் பூட்டின காளை, உழுத வயல். குழாயில் அவள் குரல் புறப்பட்டுப் போனதைக் கேட்டு எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குழந்தைசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமையாகத் தலையாட்டினார். அப்புறம் அக்கா குரலை இறக்கி, சொர்ணமாக மாறிப் பாடினாள்.

"கெணத்துல விழுந்தவுகளுக்கு – எஞ்சாமி
கை காலு ஒடியலயே
பொடனி மட்டும் பொளந்திருக்கே – எஞ்சாமி
பொய்யும் சொல்லத் தெரியலயே

மம்பட்டி எடுத்த கை – எஞ்சாமி
மாத்தான் கையில்லையே
கூடப் பொறந்த கை – எஞ்சாமி
கூசாம வெட்டுச்சே"

நான் பின்னால் வாங்கிப் பாட வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பாடினேன். பாடும்போதே இன்றைக்குச் செத்தோம் என்று நினைத்தேன்.

ஹாஜா முகைதீனின் கை தானாகவே பெட்டியின் திருகுப் பக்கம் போனது. ஆனால் அவர் திருகவில்லை, குழந்தைசாமியைப் பார்த்தார். நிறுத்து என்று குழந்தைசாமி எப்படிச் சொல்வார்? ஒப்பாரியை நிறுத்தச் சொன்னால், ஆமாம் நான்தான் வெட்டினேன் என்று ஊர் முன்னால் ஒத்துக்கொண்ட மாதிரி. எட்டூருக்குக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர்தானே, நன்றாகக் கேட்கட்டும் என்று எனக்கு அந்தப் பயத்திலும் ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது. அக்கா விடவில்லை. எந்த வரப்பு, எந்த நேரம், என்ன மிரட்டல், பிள்ளையை எந்தக் கிணற்றில் போடுவதாகச் சொன்னது, எல்லாவற்றையும் அடி அடியாக வைத்தாள்.

"பாடையத் தூக்குங்கடா" என்றார் குழந்தைசாமி.

யாரும் அசையவில்லை. பாடை கட்டினவர்களில் ஒருவர், "சொர்ணம் பொறந்த வீட்டுக் கோடி இன்னும் வரலைங்க. வல்லத்திராக்கோட்டை ஆளுக வந்து சீலை போர்த்தாம எப்படித் தூக்குறது?" என்றார்.

"கோடியாவது மயிராவது!" என்று கத்திக்கொண்டே அவர் போய் ராசுவைக் கிடத்தியிருந்த பாடையின் ஒரு முனையைத் தானே பிடித்து ஒரு சாண் உயரம் தூக்கினார். பிணத்தின் தலை ஒருபக்கம் சரிந்தது. "தூக்கியாச்சு! எல்லாரும் பாத்துக்கங்க, தூக்கியாச்சு!" என்று சொல்லிவிட்டுப் பொத்தென்று கீழே போட்டார். முறையை அவர் மீறவில்லையாம். அந்த நிலையிலும் அவருக்கு அது வேண்டியிருந்தது.

அடுத்து அவர் மைக் நிறுத்தியிருந்த இரும்புக் கம்பியை அடியோடு பிடித்துத் தூக்கி, அக்காவின் கழுத்தில் வீசினார். அந்த அடி குழாய் வழியாக ஊருக்கெல்லாம் கேட்டது. அக்கா மல்லாக்க விழுந்தாள். அவர் அதே கம்பியால் மறுபடியும் தொண்டையைப் பார்த்துக் குத்தினார். நான் குறுக்கே விழுந்தேன், என் தோள்பட்டை உடைந்தது. ஹாஜா ஓடிவந்து அவர் இடுப்பைப் பிடித்தார். அவரையும் உதறிவிட்டு, மூன்றாவது தடவை கம்பியை ஓங்கினார்.

சொர்ணத்தின் அண்ணன் ஆண்டியப்பனும் அவன் பங்காளிகளும் கோடிச் சீலையோடு வண்டியில் வந்தவர்கள், கண்மாய்க்கரையிலேயே பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். சீலை ஆண்டியப்பன் தோளில் அப்படியே கிடந்தது. பாடைக்கு மூங்கில் வெட்டின அரிவாள் வாசலில் கிடந்தது. அவன் குனிந்து எடுத்ததைத்தான் பார்த்தேன். முதல் வெட்டு கம்பி பிடித்த கையில் விழுந்தது. இரண்டாவது கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில். குழந்தைசாமி தம்பியின் பாடைமேலேயே சாய்ந்தார். ஆண்டியப்பன் நிறுத்தவில்லை. செத்த பிறகும் வெட்டினான். ரத்தம் தெறித்த கோடிச் சீலையைத் தங்கச்சி மடியில் போட்டுவிட்டு, அரிவாளைப் பக்கத்தில் வைத்து, போலீஸ் வரட்டும் என்று புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

சொர்ணம் பிழைத்தாள். ராசுவின் உடம்பும் எரியவில்லை. எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அக்காவின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கழுத்து வீங்கிக் கறுத்திருந்தது, தண்ணீர் ரத்தமாக வெளியே வந்தது. "வா அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஹாஜா ராவுத்தர் வண்டி பாக்கப் போயிருக்காரு" என்றேன்.

அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைசாமியின் பெண்டாட்டி மருதாயி, புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. அத்தனை பெண்களும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். கொலைகாரன் பெண்டாட்டி பக்கத்தில் யார் போவார்கள்? சொர்ணத்தைப் பிடித்து வைத்திருந்த அந்த இரண்டு பேர்கூட இப்போது அவளுக்கு ஒட்டில்லை உறவில்லை.

அக்கா கையை ஊன்றி எழுந்தாள். நான் நல்ல கையால் சேலையைப் பிடித்து இழுத்தேன். உதறினாள். தள்ளாடிப் போய் மருதாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் தலையில் தன் தலையை முட்டினாள். பாடினாள்.

"ஒரு பாயில படுத்தவுக – எஞ்சாமி
ஒரு தட்டுல தின்னவுக
ஒரு நாளுல போறீகளே – எஞ்சாமி
ஒத்தையில நிக்கிறேனே"

மைக் உடைந்து கிடந்தது. அந்த வாசலில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. சீறலும் கரகரப்புமாக, ஒவ்வொரு அடிக்கும் வாயில் ரத்தம் வந்தது. துப்பித் துப்பிப் பாடினாள். மருதாயிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நான் பின்னால் வாங்கிப் பாடவில்லை. பாட மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொர்ணம் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கடைசி அடியில் குரல் பாதியிலேயே அறுந்தது. வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் திட்டினார். அடிபட்டதும் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் குரல் மெல்லத் திரும்பியிருக்கும், உடைந்த தொண்டையை வைத்துக்கொண்டு கத்தித்தான் கிழித்துக்கொண்டாள் என்றார். இனி மூச்சுதான் வரும், குரல் வராது என்றார்.

சொர்ணம் ஒருநாளும் பார்க்க வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் பார்த்தபோது கேட்டேன். "எனக்கு உசிரு குடுத்தவதான். அவனுக்கும்ல அழுதா. நான் எந்த மொகத்தோட அவளப் பாக்க?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனதில் இருந்ததும் அதுதான்.

திரும்பி வந்து அக்காவின் கட்டிலைப் பிடித்து உலுக்கினேன். "சொர்ணத்துக்காகப் போச்சுன்னா எம்மனசு ஆறும் அக்கா. நம்மகிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அத அந்தக் கொலைகாரனுக்கா குடுத்த? போயும் போயும் அவனுக்கா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அக்கா என் மயிரைப் பிடித்துத் தன் வாயருகே இழுத்தாள். வெறும் காற்றாகத்தான் வந்தது.

"அவனுக்கு இல்லடி. அவ கழுத்தக் கட்டிக்க ஒருத்தியும் வரலயேடி."

நான் திருப்பிக் கத்த வாயைத் திறந்தேன். வார்டு வாசலில் மருதாயி கஞ்சித் தூக்குவாளியோடு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. நான் நகர்ந்து இடம் விட்டேன்.