இருபத்தோராயிரத்து இருநூற்று நான்காவது மைல்

அடிலெய்டுக்கு வடக்கே இருந்த ஹோல்டன் ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்த நாளில், போர்ட் கெர்னோ ஊரிலிருந்த பதினான்கு பழைய ஹோல்டன்களின் மைல் மீட்டர்களும் பின்னோக்கி ஓடத் தொடங்கின. அன்று வெள்ளிக்கிழமை, கோதுமை விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, காற்று இல்லை. வண்டி முன்னால் போகப் போக எண் குறைந்தது. குறைந்து எந்த எண்ணுக்கு வந்ததோ, அந்த எண்ணில் முன்பு அந்த வண்டியில் பயணம் செய்து, பிறகு இறந்துபோனவர்கள் தங்கள் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வண்டி நின்றால் மறைந்தார்கள், கிளம்பினால் வந்தார்கள். கறிக்கடைக்காரர் வண்டியில் எழுபத்திரண்டாம் வருடம் செத்த நாய் வந்து ஜன்னலை நக்கியது. தேவாலயத் தெருவில் ஒரு குடும்பத்துக்கு, யாருக்குமே பிடிக்காத ஓர் அத்தை வந்து ஓட்டுகிற விதத்தைக் குறை சொன்னதால், அவர்கள் வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டார்கள். ஸ்டியரிங் பிடித்தவர்கள் மட்டும் திரும்பி வரவில்லை. அந்த இருக்கையில்தான் உயிரோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, எங்கே வந்து உட்காருவார்கள்? இரண்டு மாதத்தில் ஊர் இதற்குப் பழகிவிட்டது.

பழக முடியாமல் போனது க்ளெனிஸ் டிரெகென்ஸா ஒருத்திக்குத்தான். அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, மருந்துக் கடையில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எண்பது வயது அம்மா யூனாவோடு இருந்தாள். அவர்களுடையது அறுபத்து நான்காம் வருடத்து வண்டி, வெண்ணெய் நிறம், முன்பக்கம் ஒரே நீள இருக்கை. அப்பா க்ளெம் அதை ஞாயிற்றுக்கிழமை வண்டி என்று வைத்திருந்தார். தேவாலயம், கடற்கரை, வருடத்துக்கு ஒருமுறை அடிலெய்டு கண்காட்சி, அவ்வளவுதான். வெயில் காலத்தில் அந்தப் பிளாஸ்டிக் இருக்கையில் தொடை ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும். மாட்டிறைச்சியை மாவில் மடித்துச் சுட்டு, துண்டில் சுற்றிய பேஸ்டிகள் க்ளெனிஸின் மடியில் சுடும். பின்னால் இடப்பக்க ஜன்னலோரம் தம்பி நெவிலின் இடம், அதில் வேறு யார் உட்கார்ந்தாலும் ரகளைதான். நெவில் எண்பத்தைந்தில், பத்தொன்பது வயதில், சிநேகிதன் படகை எடுத்துக்கொண்டு மீன்பிடிக்கத் தனியாகப் போனான். மதியம் காற்று எழும்பியது. படகு மட்டும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஹோல்டன் கொட்டகையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. அப்பா காலமானபோதுகூட வேறு வண்டியில்தான் போனார்கள்.

நெவில் கடைசியாக அந்த வண்டியிலிருந்து இறங்கியபோது மீட்டர் இருபத்தோராயிரத்து இருநூற்று நான்கு மைல் காட்டியது. க்ளெனிஸுக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவன் படகு எடுத்த அன்று காலையில் ஓட்டியவள் அவள். தம்பி ஸ்டியரிங்கைக் கேட்டான், அவள் தரவில்லை. அவன் பின்னால் உட்கார்ந்து ஷூ காலை இருக்கைமேல் போட்டான். பேச்சு வளர்ந்தது. படகுத்துறைச் சாலையில் வண்டியை நிறுத்தி, "எறங்குடா. நடந்து போ. உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல" என்றாள். அவன் கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தான். வீட்டுக்கு வந்து, துறையில் இறக்கிவிடச் சொன்னான், இறக்கிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் முப்பத்திரண்டு வருடமாக நெஞ்சில் கல்லாக வைத்துக்கொண்டிருந்தாள்.

கறிக்கடை நாயைப் பற்றிக் கேள்விப்பட்ட மறுநாளே யூனா கொட்டகையைத் திறந்தாள். மீட்டர் இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்தில் இருந்தது. மகள் வேலைக்குப் போனதும் கிளம்புவாள், உப்பு ஏரியைச் சுற்றிக்கொண்டு வருவாள். எழுநூறு மைல் காலி இருக்கைதான். நாற்பதாவது நாள் மருந்துக் கடைக்கு வெளியே ஹாரன் விடாமல் அடித்தது. க்ளெனிஸ் ஓடி வந்து, மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்த வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஈர முடியோடு நெவில் பின்னால் உட்கார்ந்திருந்தான். அம்மாவின் நரைத்த தலையைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டான். "சாப்புட எதுவும் இல்லியாம்மா?" என்றான், அவ்வளவுதான்.

அதன்பிறகு யூனாவைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. ஒரு நாளைக்கு இருபது மைல். பெற்றவள் மனசு, யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் க்ளெனிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தாள், அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. வருடத்துக்கு ஆயிரம் மைல் ஓடிய வண்டி அது. ஆயிரம் மைல் குறைந்தால் நெவிலுக்கு ஒரு வயது குறையும். நெவிலைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது மீட்டர் ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதற்குக் கீழே அவன் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மீசை போயிற்று. குளிர்காலம் முடிவதற்குள் குரல் உடைவதற்கு முன்னால் போய்விட்டது. அடுத்த வருடம் முன்பல் இரண்டும் விழுந்து, பிறகு பால்பல்லாக முளைத்து நின்றன. "அம்மா, கொஞ்சம் நிறுத்தி வைம்மா. தீந்துபோயிடுவான்மா" என்று கெஞ்சினாள். யூனா கையுறையை மாட்டிக்கொண்டே, "நிறுத்தி வச்சா மட்டும் இருப்பானாடி? கொட்டகையில பூட்டிவெச்ச புள்ளைய யாரு பாக்கறது?" என்றாள். க்ளெனிஸ் வேலைக்குக் கிளம்பினாள். கடையில் மாத்திரை எண்ணும்போதுகூட எண்கள் பின்னோக்கியே வந்தன.

இதற்கு வழி தெரிந்த ஆள் எதிர்வீட்டிலேயே இருந்தார். டட்லி ஷுல்ட்ஸ், ஐம்பது வருட மெக்கானிக். ஆனால் அவர் ஃபோர்டு வைத்திருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். போர்ட் கெர்னோவில் பாத்தர்ஸ்ட் கார் பந்தயத்தன்று மதுக்கடையில் ஹோல்டன்காரர்கள் ஒரு பக்கமும் ஃபோர்டுகாரர்கள் ஒரு பக்கமும்தான் உட்காருவார்கள். யூனாவின் சொந்தத் தங்கை ஃபோர்டு வீட்டில் வாழ்க்கைப்பட்டபோது, இரண்டு தெரு தள்ளி நடந்த அந்தக் கல்யாணத்துக்கு யூனா பரிசைத் தபாலில் அனுப்பினாள். டட்லி இருமுறை வாசல் கதவுவரை வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். இருமுறையும் யூனா திரையை இழுத்து மூடினாள். ஹோல்டன் ஆலையே மூடியாகிவிட்டது, கோபத்தை மட்டும் மூட மனசு வரவில்லை. அந்த வீம்புக்கு விலையாகப் பையனின் பதினான்கு வயது போயிற்று.

மீட்டர் ஏழாயிரத்துக்குக் கீழே இறங்கி, நெவில் ஐந்து வயதுப் பிள்ளையாக இருக்கையில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், க்ளெனிஸ் தெருவைக் கடந்து டட்லியின் பட்டறைக்குள் போனாள். தெருவே பார்த்தது. டட்லி கையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷமா சொல்லணும்னுதான் நிக்கறேன்" என்றார். "முன்னால போனாக் கொறையுது. அப்ப ரிவர்ஸ்ல போனா ஏறும். இதுல என்னம்மா வித்தை இருக்கு? சின்னப் பையன்கூடச் சொல்லுவான்." க்ளெனிஸ் அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்து அழுதாள். அவர் மறுபக்கம் திரும்பி ஏதோ ஸ்பேனரைத் தேடினார்.

அன்றிலிருந்து டிரெகென்ஸா வீட்டு ஹோல்டன் பின்னால்தான் ஓடியது. யூனாவின் கழுத்து திரும்பாது என்பதால் க்ளெனிஸ் ஓட்டினாள், யூனா பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் அரை மணி. வெளிச் சாலையில் லாரிக்காரர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு கையசைத்தார்கள். போலீஸ்காரர் ஒருநாள் நிறுத்தப் பார்த்தார். பின் இருக்கையில் பையன் மங்குவதைக் கண்டதும் பதறிப்போய், "போங்க போங்க" என்றார். கியர்பெட்டி இரண்டுமுறை கெட்டது, டட்லி இரண்டுமுறையும் சரிசெய்து கொடுத்தார். யூனா அவருக்கு நன்றி சொல்லவில்லை, ஆனால் பேஸ்டி கொடுத்தனுப்பினாள். நெவிலுக்குப் பல் முளைத்தது, குரல் உடைந்தது, மீசை வந்தது. பின்னால் திரும்பியே ஓட்டியதால் தம்பி வளர்வதை க்ளெனிஸ் முகத்துக்கு முகம் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டியவள் நாளுக்கு நாள் இளைத்தாள். இருபத்தோராயிரத்து இருநூற்று நான்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் காலி இருக்கை. அங்கே போய்ச் சேரும் வழியில் அந்தச் சண்டை இருந்தது, பக்கத்தில் அம்மாவும் இருந்தாள்.

அப்படி ஓட்டத் தொடங்கிய மூன்றாம் வருடக் கடைசியில், ஓர் ஆகஸ்ட் காலையில், எண் இருநூற்று மூன்றுக்கு வந்தது. போகாமல் விட்டுவிடலாம் என்று க்ளெனிஸ் சொல்லிப்பார்த்தாள். யூனா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். படகுத்துறைச் சாலையில் வண்டி பின்னால் ஊர்ந்தது. கடைசி எண் சக்கரம் பாதி திரும்பியபோது நெவில் ஷூ காலைத் தூக்கி இருக்கைமேல் போட்டான். க்ளெனிஸுக்குத் தொண்டைவரை அந்தப் பழைய வார்த்தைகள் வந்து நின்றன. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் சொல்லாததற்கே அவன் முகம் சிவந்தது.

"சரி, நிறுத்து. நான் எறங்கிக்கறேன்."

"மாட்டேன்."

"நிறுத்து க்ளெனி. நடந்து போய்க்கறேன்."

அவன் கை கதவுப் பிடியில் இருந்தது. க்ளெனிஸ் தம்பியைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் பேசினாள். "அம்மா, அவன் கேக்கலம்மா. நான்தான் எறங்கச் சொன்னேன். மூஞ்சியப் பாக்கப் புடிக்கலேன்னு சொன்னேன்."

யூனா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்டி. அன்னிக்குக் காலையில காத்தே இல்ல. அவன் கதவ அறைஞ்ச சத்தம் வீடுவரைக்கும் கேட்டுது. இப்பக் கால எடுக்காத. ஓட்டு."

எண் திரும்பி நான்கில் விழுந்தது. க்ளெனிஸ் காலை எடுக்கவில்லை. படகுத்துறை அவர்களைத் தாண்டிப் போயிற்று, மீன்சந்தை போயிற்று, ஊர்ப் பலகை போயிற்று. அவள் கண்ணை இமைக்கப் பயந்தாள். நெவில் கொஞ்ச நேரம் கதவுப் பிடியைப் பிடித்தபடி இருந்தான். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கழுத்து வலிக்கல உனக்கு?" என்று கேட்டான்.

மீட்டர் அந்த எண்ணைவிட்டு அதன்பிறகு நகரவில்லை. டட்லி பிரித்துப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று அப்படியே மூடிவிட்டார். நெவில் மட்டும் நகர்ந்தான். பின்னால் ஓடும் ஒவ்வோர் ஆயிரம் மைலுக்கும் ஒரு வயது. நகரசபை அந்தச் சாலையில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறது. போன வாரம் யூனா எதற்கோ கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பி மகனைப் பார்த்தாள். வெயில் அவன் தலையில் அடித்தது. "ஐயோ, முன்மண்டையில வழுக்கை ஏறுதேடா, உங்கப்பனுக்கு ஏறின மாதிரியே" என்று சொல்லி, அன்று பார்த்த எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.