இருபத்துநான்கு மில்லிமீட்டர்

லோகேஸ்வரன் ஆறு மணிக்கு எழுந்தான். கெத்தலில் தண்ணீர் வைத்தான். இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். குளித்தான். சட்டை போட்டான். மனைவி பிரவீனா இறந்து இன்று பதினாறாம் நாள். மாலையில் கருமக்கிரியை. அவளுடைய அக்கா வாசுகியை வீட்டுக்குள் விடுவதா என்று அதற்குள் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வாசுகி மூவாரில் செராய் எனும் எலுமிச்சைப் புல் எண்ணெய் காய்ச்சி விற்பவள். ஆணி குத்திய காலில் பிரவீனா நான்கு நாள் அதைத்தான் தடவினாள். ஐந்தாம் நாள் காய்ச்சல். இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் போய்விட்டாள்.

துக்க வீட்டில் வாசுகி மூன்று முறை கேட்டாள்: “அந்த எண்ணெ போத்தல் எங்க தம்பி?”

அவன் தன் பையை இழுத்து மூடினான். போத்தல் அவன் பையில் இருந்தது. சமையல் எண்ணெய் கலந்திருப்பாள். இல்லாவிட்டால் ஏன் தேடுகிறாள்?

எண்ணெய்கள் கிருமியைக் கொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஸ்கூடாய் ஆய்வுக்கூடத்தில் அவன் வேலை. நேற்று, கிருமி பூசிய தட்டின் நடுவில் அந்த எண்ணெயில் நனைத்த காகித வில்லையை வைத்திருந்தான். இன்று எடுத்துப் பார்த்தான். வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத தெளிந்த வளையம். அளந்தான். இருபத்துநான்கு மில்லிமீட்டர். மறுபடி அளந்தான்.

மாலையில் வாசுகி கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

“டெஸ்ட் பண்ணிட்டீங்கதானே?”

“யாரு சொன்னா?”

“போத்தல் வேற எங்க போவும்? நானே உங்ககிட்ட குடுக்கத்தான் தேடுனேன். சொல்லுங்க தம்பி. என் எண்ணெயாலயா?”

“எண்ணெ சுத்தமாத்தான் இருக்கு, க்கா.”

அவள் கைப்பேசியை நீட்டினாள். “தங்கச்சி எனக்கு அனுப்புனது. இதே மாரியா?”

மார்ச்சில் இதே எண்ணெயைச் சோதித்தபோது அவன் எடுத்துப் பிரவீனாவுக்கு அனுப்பிய படம். அதே அளவு வளையம். கீழே அவன் விளையாட்டாக எழுதியது: ‘உங்கக்கா எண்ணெ எல்லாக் கிருமியையும் கொன்னுருது.’

தட்டில் சதை இல்லை, இரத்தம் இல்லை. தட்டில் கொல்வது உடம்புக்குள்ளும் கொல்லும் என்பதில்லை; அது அவனுக்குத் தெரியும். பிரவீனாவிடம் சொன்னதில்லை.

கேட்டைத் திறந்துவிட்டான்.

ஆணி குத்திய ஐந்தாம் நாள் காலையில் அவன் காரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டான். பிரவீனா போர்வையைக் கால் வரை இழுத்துக்கொண்டாள். அவன் வேலைக்குப் போனான். மாலையில் வந்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது.

காலையில் அவள் சொன்னது:

“நீங்கதானே டெஸ்ட் பண்ணீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம், போங்க லா.”